கோதாவரி கடை பல்புகள்

அக்டோபர் 14, திங்கள்

காரின் வலது ஹெட்லைட் எரியவில்லை. எப்போது போனது என்று தெரியாது. இன்று நாலு மணிக்குப் பால் சங்கத்து வாசலில் வண்டியைத் திருப்பியபோது, இறக்கியிருந்த ஷட்டரில் ஒரே ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. இரண்டு விழ வேண்டும். இறங்கிப் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

கோத்தகிரியில் இந்த மாதம் மதியம் மூன்று மணிக்கே மேகம் சாலைக்கு இறங்கிவிடுகிறது. கால்நடை ஆய்வாளர் வேலை என்பது பாதி ஊசி, பாதி சாலை. ஒரு நாளைக்கு ஆறு ஊர், சில நாள் எட்டு ஊர். விளக்கில்லாமல் முடியாது.

மகள் நிரஞ்சனா கோயமுத்தூருக்கு வேலைக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. இந்த நோட்டை அவள்தான் வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். தினமும் ஏதாவது எழுத வேண்டுமாம், எழுதினால் மனசு லேசாகுமாம். மனசு கனமாக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. மனைவி வசுமதி போன பிறகு ஏழு வருடம் நானும் மகளுமாக இருந்தோம். இப்போது நான் இருக்கிறேன். அவ்வளவுதான் விஷயம்.

வழக்கமாக வண்டியைப் பார்க்கும் எலெக்ட்ரீஷியன் தீபாவளி வரைக்கும் நேரமில்லை என்கிறார்.

அக்டோபர் 15, செவ்வாய்

கடைவீதி ஏற்றத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடை இருக்கிறது. அந்த வழியாக இருபது வருடமாகப் போகிறேன். உள்ளே போனது இன்றுதான். ஒரு பெண்மணி தராசில் ஆணிகளை நிறுத்துக்கொண்டிருந்தார். பச்சை ஸ்வெட்டர், காதில் பென்சில். வயது நாற்பத்தெட்டு இருக்கலாம். கடைக்காரர் எங்கே என்று கேட்டேன். அவர்தான் கடைக்காரராம்.

வலது பக்க ஹெட்லைட் பல்பு வேண்டும் என்றேன். பல்புக்கு வலது இடது எல்லாம் கிடையாது என்றார். பழையதைக் கழற்றிக்கொண்டு வந்தால் பார்த்துத் தருவதாகச் சொன்னார். எனக்கு மாட்டு வைத்தியம்தான் தெரியும், கழற்றத் தெரியாது என்றதும் தராசை வைத்துவிட்டு என்னோடு வாசலுக்கு வந்தார்.

"மாட்டுக்கு ஊசி போடற கைதானே சார் இது? இதொண்ணும் உதைக்காது. கழட்டுங்க, நான் பாத்துக்கறேன்."

பானெட்டைத் திறந்தேன். ஹெட்லைட்டுக்குப் பின்னால் மூன்று கம்பி சேர்ந்த ஒரு பிளக். அதைப் பிடித்து இழுத்தால் வந்துவிடுகிறது. அதன்கீழ் ஒரு ரப்பர் மூடி. அதை உரித்தால் பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பி. கம்பியை அமுக்கிப் பக்கவாட்டில் தள்ளினால் பல்பு தானாகக் கையில் வந்து விழுகிறது. கண்ணாடி உள்ளே கறுத்துப் போயிருந்தது. புதிய பல்பின் மூன்று காதுகளும் பள்ளத்தில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். தப்பாகப் போட நினைத்தாலும் முடியாது. அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

விளக்கைப் போட்டேன். எதிர்க் கடைச் சுவரில் இரண்டு வட்டம்.

ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக என் காரில் ஒன்றை நானே சரி செய்திருக்கிறேன். வீட்டுக்கு வந்ததும் இன்னொரு முறை போட்டுப் பார்த்தேன்.

அக்டோபர் 19, சனி

நிரஞ்சனா போனில் பேசினாள். பல்பு மாற்றியதைச் சொன்னேன். பன்னிரண்டு நிமிடம் அதையே சொன்னேனாம். அவள் கணக்கு.

அக்டோபர் 23, புதன்

அதே பல்பு மறுபடியும் போய்விட்டது. எட்டே நாள்.

புகார் சொல்லும் முகத்தோடுதான் கடைக்குப் போனேன். அவர் பல்பை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, மாட்டும்போது கண்ணாடியை விரலால் தொட்டீர்களா என்று கேட்டார். தொட்டேன், தொடாமல் எப்படி மாட்டுவது என்றேன். விரலில் இருக்கும் எண்ணெய் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளுமாம். பல்பு சூடாகும்போது அந்த இடம் மட்டும் தாங்காதாம்.

"சொல்லாதது என் தப்புதான். எல்லாருக்கும் சொல்வேன். உங்ககிட்ட எப்படி விட்டுப் போச்சுன்னு தெரியல" என்றார்.

மன்னிப்பை இவ்வளவு நேராகக் கேட்கும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. புதிய பல்பு தந்தார். துணியால் பிடித்து மாட்டச் சொன்னார். காரில் எப்போதும் ஒரு பெட்டி ரப்பர் கையுறை இருக்கும். சினைப் பரிசோதனைக்குப் போடுவது, தோள் வரை வரும். அதைப் போட்டுக்கொண்டு பல்பை மாட்டினேன். அவர் கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். சத்தமே இல்லாமல், தோள் மட்டும் குலுங்கும் சிரிப்பு.

பெயர் கோதாவரி.

அக்டோபர் 27, ஞாயிறு

இடது பார்க்கிங் லைட் எரியவில்லை. சுண்டுவிரல் நுனி அளவு பல்பு. ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் கடை உண்டு என்று பலகையில் எழுதியிருக்கிறது, அதனால் போனேன். வலது பக்கத்துக்கும் சேர்த்து வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அவரே சொன்னார். வேண்டாம், போகும்போது வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன். பல்பு பழையதாகிவிடும் அல்லவா.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

நிரஞ்சனா வந்திருக்கிறாள். வீடு நிறைந்திருக்கிறது. அவள் செய்த அதிரசம் கருகியது. நான் செய்த உப்புமாவில் உப்பு அதிகம். சாப்பிட்டுவிட்டோம்.

கத்தரிக்கோல் தேடுகிறேன் என்று மேஜை இழுப்பறையைத் திறந்தவள் நின்றுவிட்டாள். ஆறு பல்புகள் அட்டைப் பெட்டியோடு இருந்தன. ஹெட்லைட்டுக்கு இரண்டு, நம்பர் பிளேட்டுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, இண்டிகேட்டருக்கு இரண்டு. இதெல்லாம் எதற்கு என்று கேட்டாள். மழைக்காலம், கையிருப்பு வேண்டும் என்றேன். ஆறையும் ஒரே நாளில் வாங்கினீர்களா என்று கேட்டாள். இல்லை, ஆறு நாள் என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

அவள் இழுப்பறையை மெதுவாக மூடினாள். கடைக்காரருக்கு என்ன வயசு என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

நவம்பர் 5, செவ்வாய்

வலது இண்டிகேட்டர் போட்டால் படபடவென்று அடித்துக்கொள்கிறது. சர்க்யூட் கெட்டுவிட்டது என்று பயந்து கடைக்குப் போனேன். முன்பக்கத்திலோ பின்பக்கத்திலோ ஒரு பல்பு போனால் மிச்சமிருப்பது அப்படித்தான் அவசரப்படும் என்றார் கோதாவரி. பின்பக்கத்தில்தான் போயிருந்தது. அந்த பல்பை அமுக்கித் திருப்பினால் கழன்று வரும்.

மழை பிடித்துக்கொண்டதால் கடையிலேயே உட்கார வேண்டியிருந்தது. டீ வரவழைத்தார். அவருக்கு இருபத்திரண்டு வயதிருக்கும்போது அப்பா பக்கவாதத்தில் விழுந்தாராம். தம்பிகள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில். கடையை மூடினால் சோறில்லை என்பதால் இவர் கல்லாவில் உட்கார்ந்தாராம். முதல் ஒரு வருடம் லாரிக்காரர்கள் உள்ளே வந்து இவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்களாம். பெயர் தெரியாத ஒவ்வொரு சாமானையும் வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டாராம். தம்பிகள் படித்து, திருப்பூரில் ஒருவர், துபாயில் ஒருவர். அப்பா போகும் முன்னால் கடையை இவர் பெயருக்கே எழுதி வைத்திருக்கிறார்.

கல்யாணத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, "அதுக்கெல்லாம் நேரம் கெடைக்கல சார்" என்று சொல்லிவிட்டு டம்ளரைக் கழுவப் போய்விட்டார்.

மழை விட்டு அரைமணி நேரம் ஆன பிறகுதான் மழை விட்டதைக் கவனித்தேன்.

நவம்பர் 9, சனி

திங்களன்று இடது ஹெட்லைட், வியாழனன்று பின்பக்க டெயில் லைட், இன்று நம்பர் பிளேட் லைட். இழுப்பறைக் கையிருப்பு பாதியாகிவிட்டது, மிச்சத்தை டிக்கியில் போட்டுக்கொண்டேன். கடைக்குப் போய்ப் பட்டியல் சொன்னேன். கோதாவரி காதில் இருந்த பென்சிலை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இனி உங்களுக்கு பல்பு விக்க மாட்டேன் சார்."

எனக்குக் காது சூடானது. ஏதோ தவறாக நடந்துகொண்டேன் என்று நினைத்தேன். அவர் உள்ளே போய் மீட்டரை எடுத்துவந்து, எஞ்சினை ஓட விடச் சொல்லி பேட்டரியில் இரண்டு முனையையும் வைத்தார். பதினாறு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. பதினாலு, மிஞ்சினால் பதினாலரைதான் இருக்க வேண்டுமாம். டைனமோவில் இருக்கும் ரெகுலேட்டர் கெட்டுப்போய், தேவைக்கு மேல் கரண்டு தள்ளிக்கொண்டிருக்கிறது. எத்தனை பல்பு போட்டாலும் எரிந்துதான் போகும்.

"இத மொதல்லயே பாத்திருக்கணும். நானும் நீங்க வர்றீங்க, பல்பு கேக்கறீங்கன்னு குடுத்துட்டே இருந்துட்டேன்" என்றார். பிறகு வேறு பக்கம் திரும்பி, அவருக்குத் தெரிந்த எலெக்ட்ரீஷியனுக்கு ஒரு சீட்டு எழுதித் தந்தார். மூன்று மணி நேர வேலை. முடித்துக்கொண்டு வந்து காட்டினேன். மீட்டரில் பதினாலு புள்ளி இரண்டு.

"இனி பல்பு போகாதுங்க சார்" என்றார்.

நல்ல செய்தி. சாப்பிடப் பிடிக்கவில்லை. அலைச்சல் காரணமாக இருக்கலாம்.

நவம்பர் 11, திங்கள்

எல்லா விளக்கும் எரிகின்றன.

நவம்பர் 13, புதன்

எல்லா விளக்கும் எரிகின்றன. கோமாரித் தடுப்பூசி, நாற்பத்தொரு மாடு.

நவம்பர் 16, சனி

எரிகின்றன.

நவம்பர் 19, செவ்வாய்

வைப்பர் ரப்பர் தேய்ந்துவிட்டது. முழுக்கத் தேயவில்லை, ஆனால் இந்த மழைக்கு அதை நம்ப முடியாது. கடைக்குப் போனேன்.

கடையில் யாரோ இரண்டு பேர் அலமாரிகளை டேப் பிடித்து அளந்துகொண்டிருந்தார்கள். மேட்டுப்பாளையத்துக்காரர்களாம். கடையை வாங்கப் பார்க்கிறார்கள். கோதாவரி வைப்பர் ரப்பரைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டே சொன்னார், திருப்பூர் தம்பி சேனாபதி ஒரு வருடமாகக் கூப்பிடுகிறானாம், பொங்கல் கழித்து அங்கேயே வந்துவிடச் சொல்கிறானாம். அவன் பிள்ளைகள் இரண்டும் சின்னது, இவர் போனால் ஒத்தாசை.

"நல்லதுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நல்லதுதான்" என்றார்.

வைப்பர் ரப்பரைக் கடையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நவம்பர் 20, புதன்

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

நிரஞ்சனா போன். வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தவள், பல்பு எல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கடையை விற்கப் போகிறார்கள் என்றேன். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். நல்லது என்றேன் என்றேன்.

"அப்பா" என்றாள். பிறகு, "அம்மா இருக்கும்போதும் நீங்க இப்படித்தான். அவங்களா புரிஞ்சுக்குவாங்க. எல்லாரும் அப்படிப் புரிஞ்சுக்கணும்னு இல்லப்பா" என்றாள்.

அவளுக்கு இருபத்து நாலு வயதுதான் ஆகிறது. வசுமதி ஞாபகம் வந்தது. ஆனால் வழக்கமாக வருவது போல நெஞ்சை அடைத்துக்கொண்டு வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவளும் நான் சொல்வதைக் கேட்கிறாள் என்பது போல வந்தது.

டிசம்பர் 5, வியாழன்

இன்றைக்கு நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

எஸ்டேட் லாரி ஓட்டும் சின்னராசுவின் மகளுக்கு இன்று கல்யாணம். மலைச்சரிவில் இருக்கும் எஸ்டேட் கோயிலில் ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். அவர் வீட்டுப் பசுக்களுக்கு நான்தான் வைத்தியம் என்பதால் எனக்கும் பத்திரிகை வைத்திருந்தார். எட்டு மணிக்குக் கிளம்பினால் பஸ் ஸ்டாண்டில் கோதாவரி நின்றுகொண்டிருந்தார். அரக்குப் பட்டு, அதன்மேல் அதே பச்சை ஸ்வெட்டர். சின்னராசு கடைக்கு இருபது வருட வாடிக்கையாம். மேகம் அதிகம் என்று பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். ஏறிக்கொள்ளுங்கள் என்றேன். ஏறிக்கொண்டார். வைப்பர் ரப்பரைக் கைப்பையிலிருந்து எடுத்து டாஷ்போர்டில் வைத்தார்.

பேச வழியில்லை, சாலையைத் தேட வேண்டியிருந்தது. எட்டு மணிப் பகலில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. மேகம் கண்ணாடியில் பால் மாதிரி வழிந்தது.

மூன்றாவது வளைவில் திடீரென்று ஒரு வேனின் முதுகு. பிரேக்கை மிதித்தேன். இரண்டு முழ இடைவெளியில் நின்றது. வேனில் ஒரு விளக்குகூட இல்லை. இறங்கிப் போனால் உள்ளே சின்னராசு, சொந்தக்காரர்கள் பதினைந்து பேர், நடுவில் மாலையோடு மணப்பெண். ஏதோ கருகின வாடை அடித்து விளக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிட்டனவாம். எஞ்சின் ஓடுகிறது. ஆனால் இந்த மேகத்தில் விளக்கில்லாமல் நகர்ந்தால் பள்ளம். நின்றால் பின்னால் வரும் எவனாவது இடிப்பான். சின்னராசு ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். முப்பது வருடம் லாரி ஓட்டியவர், என்ன செய்வது என்று என்னைக் கேட்டார்.

கோதாவரி முந்தானையை இடுப்பில் செருகினார். முதலில் என் காரை வேனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். நாலு பெரியவர்களைப் பின்னால் இருந்த வளைவுக்கு அனுப்பி, வருகிற வண்டிகளைக் கத்தி நிறுத்தச் சொன்னார். வேனின் ஃபியூஸைப் பார்த்தார், நன்றாக இருந்தது. ஸ்டீயரிங் பக்கத்து ஸ்விட்சை முகர்ந்து பார்த்தார். அதுதான் எரிந்திருந்தது. அதற்கு இங்கே மாற்று கிடையாது.

வேனில் மைக் செட்டுக்காரர் ஒருவரும் இருந்தார். அவரிடமிருந்த ஸ்பீக்கர் வயரைக் கேட்டு வாங்கினார். பேட்டரியிலிருந்து பின்பக்கச் சிவப்பு விளக்குகளுக்கு நேராக வயர் இழுக்க வேண்டும் என்றார். நான் ஹெட்லைட்டுக்கும் அப்படியே செய்யலாமே என்று கேட்டேன். இந்த மெல்லிய வயர் ஹெட்லைட்டுக்குத் தாங்காது, சூடாகி உருகிவிடும், சின்ன பல்புக்குத் தாங்கும் என்றார். "முன்னால வெளிச்சம் நீங்கதான்" என்றார்.

மழை தூறத் தொடங்கியது. வயர் முனையைச் சீவிய அவர் கை நனைந்து வழுக்கியது. சட்டென்று எங்கள் தலைக்கு மேல் குடை வந்தது. பார்த்தால் மணப்பெண். மாலை, நெற்றிச்சுட்டி, பட்டுப் புடவைக்கு மேல் அப்பாவின் மப்ளர். "நீங்க பாருங்கக்கா, நான் புடிச்சுக்கறேன்" என்று நின்றாள். சொந்தக்காரர்கள் கூப்பிட்டும் அவள் அசையவில்லை.

நான் டெயில் லைட் மூடியைக் கழற்றினேன். ஒன்றில் பல்பே போயிருந்தது. என் டிக்கியில் இருந்த பல்பு ஒன்றை அமுக்கித் திருப்பிப் போட்டேன். யாரும் சொல்லித் தரவில்லை. கோதாவரி வயரின் மறுமுனையைப் பேட்டரியில் தொட வைத்தார். இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. வேனுக்குள் எல்லோரும் கை தட்டினார்கள்.

அப்போது மணி ஒன்பது இருபது. கோயிலுக்கு இன்னும் நாலு கிலோமீட்டர்.

நான் முன்னால் போனேன். எல்லா விளக்கும் போட்டிருந்தேன், நான்கு இண்டிகேட்டரும் அடித்துக்கொண்டிருந்தன. சின்னராசு என் டெயில் லைட்டைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தார். கோதாவரி ஜன்னலைத் திறந்து தலையை வெளியே நீட்டி, சாலை ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்து வழி சொன்னார். "நேரா... நேரா... கொஞ்சம் வலது... போலாம்." நடக்கிறவனே எங்களை முந்தியிருப்பான். கண்ணாடியில் பார்த்தேன்: வேனுக்குப் பின்னால் ஒரு ஜீப், அதற்குப் பின்னால் பால் வண்டி, அதற்குப் பின்னாலும் மங்கலாக மஞ்சள் வெளிச்சங்கள். யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அந்த நாலு கிலோமீட்டரும் நான் எதற்கும் பயப்படவில்லை. இவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டியதும் இல்லை.

பத்து பதினாறுக்குக் கோயில் வாசல். மாப்பிள்ளை வீட்டார் குடைகளோடு ஓடிவந்தார்கள். பத்து இருபத்தைந்துக்குத் தாலி கட்டினார்கள். கோதாவரியின் பட்டுப் புடவையில் முழங்காலிலிருந்து கீழே கிரீஸ். அவர் அதோடுதான் அட்சதை போட்டார், அதோடுதான் பந்தியில் உட்கார்ந்தார். மணப்பெண் இவர் காலில்தான் முதலில் விழுந்தாள்.

திரும்பி வரும்போது மேகம் கலைந்து வெயில் வந்திருந்தது. தேயிலை எல்லாம் பளபளத்தது. பாதி வழியில் அவர், "அன்னிக்கி நல்லதுன்னு சொன்னீங்களே" என்றார்.

"பொய் சொன்னேன்" என்றேன்.

அதற்குப் பிறகு ஊர் வரும்வரை அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். கடை வாசலில் இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, குனிந்து சொன்னார்: "சனிக்கிழமை கூட்டம் இருக்காது. மூணு மணிக்கு மேல வாங்க."

இன்று முழுக்க ஒரு தடவைகூட அவர் என்னை சார் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 7, சனி

மூன்று மணிக்குப் போனேன். இரண்டரைக்கே போய்விட்டேன், அரைமணி நேரம் காரில் உட்கார்ந்திருந்தேன். அவருக்குக் கடைக்குள்ளிருந்து என் கார் தெரிந்துகொண்டுதான் இருந்ததாம்.

சொல்ல வேண்டியதை இந்த நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நேற்று நினைத்தேன். எழுத வரவில்லை. நேரில் வந்துவிட்டது. எனக்கு ஐம்பத்து நாலு வயது, மகள் இருக்கிறாள், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன், திருப்பூருக்குப் போக வேண்டாம். இவ்வளவுதான் சொன்னேன்.

அவர் கல்லா மேஜையைத் துணியால் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார்.

"எனக்குச் சமையல் சுமாராத்தான் வரும். கடைய நான் விட மாட்டேன். கல்யாணம்னு ஒண்ண நெனச்சே பார்த்ததில்லை, அதனால எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. இதெல்லாம் தெரிஞ்சுதான் கேக்கறீங்களா?"

தெரிந்துதான் கேட்கிறேன் என்றேன்.

தம்பிகளிடம் பேச வேண்டும், சில நாள் வேண்டும் என்றார். பேசும்போது அவர் கண் கலங்கியிருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

செய்தி இல்லை. மாடுகளுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தேன்.

டிசம்பர் 12, வியாழன்

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு கார். திருப்பூர் நம்பர். இறங்கியவர் கோதாவரியின் தம்பி சேனாபதி. நாற்பது வயது, நல்ல உயரம், முகத்தில் சிரிப்பில்லை. துபாய் தம்பி எதுவானாலும் அக்கா இஷ்டம் என்று சொல்லிவிட்டானாம். இவருக்குத்தான் பார்க்க வேண்டியிருந்ததாம்.

உள்ளே வந்து நின்றபடியே வீட்டைப் பார்த்தார். வசுமதி படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். நான் காபி போட்டேன். ஏன் இந்த வயதில் என்று கேட்டார். அவர் அக்கா கடையில் இருக்கும்போது எனக்கு நேரம் போவது தெரிவதில்லை என்றேன். வேறு காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்; தேடிப் பார்த்தேன், இல்லை.

அவர் உட்கார்ந்தார். காபியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் குடிக்கவில்லை.

"பிள்ளைங்களப் பாத்துக்கறதுக்காக அவளக் கூப்பிடலீங்க. அப்படிச் சொன்னாத்தான் வருவான்னு சொன்னேன். எங்கள ஆளாக்கிட்டு அவ மட்டும் இந்தக் குளிருல தனியா இருக்கான்னு நெனச்சா எனக்குச் சோறு இறங்காது."

அவர் அழுதார். நாற்பது வயது மனிதர், முன்பின் தெரியாத என் வீட்டில். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கை வைத்தேன். எனக்கும் என்னவோ போல் ஆகிவிட்டது.

போகும்போது மேட்டுப்பாளையத்துக்காரர்களுக்கு அவரே போன் செய்து கடை விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். என்னை மாமா என்று கூப்பிட்டார்.

டிசம்பர் 15, ஞாயிறு

நிரஞ்சனா நேற்று வந்தாள். இன்று அவளாகவே என் காரை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினாள், என்னை வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். இரண்டு மணி நேரம். நான் துணி துவைத்தேன், துவைத்ததையே திரும்ப அலசினேன்.

வந்தவள் கைகள் இரண்டிலும் கிரீஸ். காரின் பின் ஜன்னல் கண்ணாடி இறங்காமல் இருந்ததை இருவருமாகக் கழற்றிச் சரி செய்தார்களாம். "எனக்குப் பிடிச்சிருக்குப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு சோப்பைத் தேடிக்கொண்டு போனாள்.

மார்கழி போகட்டும், கல்யாணம் தையில் என்று முடிவாகியிருக்கிறது.

ஜனவரி 24, வெள்ளி

சார்பதிவாளர் அலுவலகத்தில் காலை பதினொன்றுக்கு எங்கள் திருமணம் நடந்தது. சாட்சிக் கையெழுத்து: நிரஞ்சனா, சேனாபதி, சின்னராசு. துபாய் தம்பி வீடியோவில் பார்த்தான். சின்னராசுவின் மகளும் மாப்பிள்ளையும் மாலை வாங்கி வந்திருந்தார்கள். எனக்கு மாலை சற்று நீளம். கோதாவரி அதை ஒரு முடிச்சுப் போட்டுச் சரி செய்தார். வெயில் அடித்தது. எல்லோரும் ஓட்டலில் சாப்பிட்டோம்; நிரஞ்சனா இரண்டு கேசரி வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 29, புதன்

இன்று அலுவலகத்துக்கு ஐம்பது நிமிடம் தாமதமாகப் போனேன். இருபத்தொன்பது வருடப் பணியில் இதுவே முதல் தடவை. நானும் கோதாவரியும் காலை டிபன் சாப்பிட உட்கார்ந்தோம். அவள் சின்ன வயதில் படித்த பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள், நான் என் முதல் போஸ்டிங் ஊரைப் பற்றிச் சொன்னேன். தட்டு காய்ந்துவிட்டது. மணியைப் பார்த்தபோது பத்தே கால்.

எங்கள் டாக்டரம்மா, கால்நடை மருத்துவர், விதிகளில் கறார். பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, தாமதத்துக்குக் காரணம் எழுதும் கட்டத்தைப் பேனாவால் காட்டினார். எல்லோரும் அதில் பஸ் பழுது, மழை, உடல்நலம் என்று எழுதியிருக்கிறார்கள். நானும் கார் கோளாறு என்று எழுதியிருக்கலாம். கார் நன்றாகத்தான் ஓடுகிறது.

"வீட்டில் பேசிக்கொண்டிருந்தோம்" என்று எழுதினேன்.

டாக்டரம்மா அதைப் படித்தார். கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு முறை பார்த்தார். கீழே கையெழுத்துப் போட்டு, பதிவேட்டை மூடினார்.